பாளயத்துக்குப் புறம்பே

2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பதி மாவட்டத்திலும் இருக்கிற எல்லைப்புற ஊர் வரதய்யபாளையம். அதன் பெயரின் கடைசிப் பாதியைத் தமிழில் பாளையம் என்போம், தெலுங்கில் பாளெம். இரு மொழி வேதாகமங்களிலும் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரமடித்த இடத்துக்கும் இதே சொல்தான். சருமத்தில் குறி கண்டவனைப் 'பாளயத்துக்குப் புறம்பே' குடியிருத்தச் சொல்கிறது லேவியராகமம் 13ஆம் அதிகாரம். ஊர் தனி, சேரி தனி என்று பழகிய மண் இது. விலக்கப்பட்டோர் குடியிருப்பைத் தெலுங்கில் 'வெலிவாட' என்பார்கள். இங்கே அந்த அதிகாரத்துக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை.

அவன் உடுப்பைக் கிழித்துக்கொள்ள வேண்டும். தலைமயிரை அவிழ்த்துவிட வேண்டும். மேலுதட்டை மூடிக்கொள்ள வேண்டும். எதிரில் ஆள் வந்தால் 'தீட்டு, தீட்டு' என்று அவனே குரல் கொடுக்க வேண்டும். விலக்குபவன் சொல்ல வேண்டியதை விலக்கப்பட்டவன் வாயாலேயே சொல்லவைக்கிறது சட்டம். எபிரேயத்தில் அந்த நோயின் பெயர் 'சாராத்'. அது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூடப் பிடிக்கும் என்கிறது அதே நூல். ஆக, இன்றைய மருத்துவம் சொல்லும் தொழுநோய் அல்ல அது. ஆனாலும் தமிழில் 'குஷ்டரோகம்' என்றே நிலைத்துவிட்டது. வேதத்தின் தீட்டை உண்மையான நோயாளிகள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 2016இல்தான் நீக்கப்பட்டது.

தீட்டைப் பற்றிய நவீன ஆய்வு 1966இல் வந்த மேரி டக்ளஸின் 'தூய்மையும் ஆபத்தும்' நூலிலிருந்து பெரிதாகக் கிளைத்தது. குடகர்களைப் பற்றி எம்.என். சீனிவாஸ் எழுதியதையும் அவர் எடுத்தாண்டிருக்கிறார். லேவியராகமத்துக்கு உரை எழுதிய ஜேக்கப் மில்க்ரோம் தீட்டைச் சாவின் சாயலாகக் கண்டார். இருவரும் ஒழுங்கின் தர்க்கத்தை நுட்பமாகத் துலக்கினார்கள். புறம்பே போனவன் எதைத் தின்றான் என்பது அவர்களுடைய கேள்வி அல்ல. 2 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது: பஞ்ச காலத்தில் சமாரியா நகர வாசலில் நான்கு நோயாளிகள், உள்ளே போனாலும் சாவு, இங்கேயே இருந்தாலும் சாவு என்று கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

யூதர்களின் பாபிலோனியச் சிறையிருப்பைப் பற்றிய ஆய்வு தனியாக வளர்ந்தது. கி.மு. 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யோயாக்கீன் மன்னனுக்கு எண்ணெய் அளந்த களிமண் ஏடுகளை 1939இல் வைட்னர் வெளியிட்டார். பாபிலோனிய நாட்டுப்புறத்தில் யூதர் நிலம் உழுது வரி கட்டியதை அல்-யாகூது ஏடுகள் காட்டுகின்றன. மண்ணை விட்டுப் போகாமல் யூதாவிலேயே தங்கிய ஏழைகளை நூல்கள் மறைத்துவிட்டன என்று ராபர்ட் கரோல் 1992இல் வாதிட்டார்.

இந்த இரண்டு ஆய்வுகளும் சந்திக்கிற இடம் புலம்பல் 4:15. அதை ஒட்டி இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எருசலேம் விழுந்தபின் தெருவில் குருடரைப்போல் அலைகிற தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் பார்த்து, தீட்டு, விலகு, தொடாதே என்று கத்துகிறார்கள். சருமத்தை உற்றுப் பார்த்துத் தீட்டு என்று தீர்ப்புச் சொன்ன குலம் அந்த ஆசாரியர் குலம். பிற தேசத்தாரும் இவர்கள் இங்கே தங்கக் கூடாது என்கிறார்கள். நாடு கடத்தலும் ஊர் விலக்கும் இங்கே ஒரே கூப்பாடாகிவிடுகின்றன.

தலித் இறையியல் இந்த நூல்களை வெளியிலிருந்தே வாசித்தது. அர்விந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் ஆற்றிய உரையோடு தொடங்கி, பின்னர் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் துறையாக வளர்ந்த மரபு அது. தகப்பன் அலைந்து திரிந்த ஒரு அரமேயன் என்று சொல்லும் உபாகமம் 26இன் அறிக்கையை நிர்மல் தலித் வரலாற்றுக்கு அளவுகோலாக எடுத்தார். ஆனால் அந்த அறிக்கை சொல்லும் எகிப்து விடுதலையை அடுத்துக் கானான் படையெடுப்பு வருகிறது. மண்ணின் மக்கள் தாங்களே என்போருக்கு இது சங்கடமான கதை.

எனக்கு அதைவிடச் சங்கடமானது எஸ்றா 10. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள், மழையில் நடுங்கிக்கொண்டு தேவாலய வீதியில் உட்கார்ந்து, அந்நிய மனைவிகளை அனுப்பிவிட ஒப்புக்கொள்கிறார்கள். யார் யார் என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கடைசி வாக்கியத்தில் பிள்ளை பெற்றவர்களும் அந்த மனைவிகளில் உண்டு என்ற குறிப்பு வருகிறது. ஒரு பெண்ணின் பெயரும் இல்லை, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்தத் திசையில் போனார்கள் என்பதும் இல்லை.