'வெண்பா'வும் மை கரைந்த ஏடும்

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கிய ஏடொன்றில் எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். எமது பாடசாலைகளின் ஆசிரியர் ஓய்வறைகளில் இவ்விளையாட்டுக்கள் பற்றி நிலவும் தீர்ப்பு ஒன்றுதான்: பிள்ளைகளைக் கெடுக்கின்றன. திரைப்படத்தைப் பற்றி எமக்கு முந்திய ஆசிரியர்கள் கூறியதும் ஏறக்குறைய இதுவே. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த என் மருமகன் எம் வீட்டு விறாந்தையில் இருந்து 'வெண்பா'வை விளையாடிக் காட்டும் வரை நானும் அத்தீர்ப்பை விசாரணையின்றி ஏற்றிருந்தவன்தான்.

ரொறன்ரோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவின் ஆக்கம் அது. 2023 ஜூலை 31 இல் வெளியாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும், அங்கு பிறக்கும் மகன் கவினும் அதன் மாந்தர். கதை 1988 இல் தொடங்குகிறது. படிப்புக்கேற்ற தொழிலின்றி அல்லாடும் இருவரும் ஊர் திரும்புவதா, தங்குவதா எனத் தடுமாறும் வேளையில் வெண்பா கருவுற்றிருப்பது தெரியவருகிறது, தங்கிவிடுகின்றனர். விளையாடுபவர் செய்ய வேண்டியது சமையல். தாயிடமிருந்து வெண்பா பெற்ற சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் மை கரைந்தும் கிடக்கிறது. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை மாவையும் நீரையும் ஆவியையும் கொண்டு உய்த்துணர்வதே புதிர். இட்டலித் தட்டுக்களை எங்ஙனம் அடுக்கினால் ஆவி தடையின்றி ஏறும்? புட்டுக் குழலில் எது முந்தி, எது பிந்தி?

புட்டில் மருமகன் இருமுறை தோற்றான். அருகே முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் திரையை எட்டிப் பார்த்து, "ஓட்டைத் தட்டைப் போடாமல் மாவைக் கொட்டினால் எல்லாம் தண்ணிக்குள்ள போகுமடா மோனை" என்றார். அம்மம்மாவின் பேச்சில் பாதிதான் அவனுக்கு விளங்கும். இது முழுவதும் விளங்கிற்று.

எனக்கு அக்கணத்தில் நினைவில் வந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய அவர் எதிர்கொண்டவையும் செல்லரித்து, இதழ் முறிந்து, வரி சிதைந்த ஏடுகளே. பதிப்பாசிரியன் சிதைந்த சொல்லை யாப்பைக் கொண்டும் பொருளைக் கொண்டும் மீட்கிறான். வெண்பா அதனை ஆவியைக் கொண்டு மீட்கிறாள். முன்னதைப் புலமை என்கிறோம். பின்னதற்கு எம்மிடம் பெயரே இல்லை. அடுப்படி அறிவைக் கைமாற்றி வந்த பெண்களின் உழைப்பை அறிவென்று கொள்ளாத எமது வழக்கத்தை இவ்விளையாட்டு ஒரு சொல் கூறாமலே சாடுகிறது. பிற்பகுதியில் புத்தகம் கவினின் கைக்கு வருகிறது. அப்போது கரைந்திருப்பது மை மட்டுமன்று, அவனது தமிழும்தான். கண்முன் இருக்கும் எழுத்தையே தட்டுத்தடுமாறி வாசிக்கிறான். இவ்விடத்தைக் கடக்கையில் என் மருமகன் வாய் திறக்கவில்லை.

சாகச விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் புதிர் என்பது புதையலின் பூட்டு. 2017 இல் வந்த 'அன்சார்ட்டட்: த லொஸ்ற் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒய்சளரின் இடிபாடுகளைப் பேரழகோடு தீட்டுகிறது, தலைவியும் பாதி இந்தியக் குருதியினள். ஆயினும் அவ்விடிபாடுகள் திறக்கப்படுவதற்கென்றே காத்திருக்கும் பெட்டகங்கள். அவற்றைச் செதுக்கிய கற்றச்சனுக்கு வழித்தோன்றல்கள் உண்டு என்ற எண்ணம் அங்கு தலைகாட்டுவதில்லை. 'வெண்பா'விலோ பூட்டைத் திறந்தால் உள்ளே புதையல் இல்லை. திறக்கும் கைப்பழக்கமே தேடப்பட்ட பொருள்.

மேலைநாட்டார் இதனை வரவேற்கவே செய்தனர். 2024 இல் சுயாதீன விளையாட்டுக்களுக்கான விழாவின் பெரும்பரிசும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் முதற்படைப்பு விருதும் கிடைத்தன. ஆனால் பாராட்டினூடே ஒரு முறைப்பாடும் திரும்பத் திரும்ப எழுந்தது: இரண்டு மணித்தியாலத்துள் முடிந்துவிடுகிறதே! கொடுத்த காசை மணித்தியாலத்தால் வகுத்துக் கலைக்கு விலை காண்பது சந்தையின் கணக்கு. நாலடியில் முடிந்துவிட்டதே என வெண்பா யாப்பைக் குறைகூறியவரை நான் அறியேன்.

எனது மனக்குறை வேறு. 1986 ஓகஸ்ட்டில், அதாவது இக்கதை தொடங்குவதற்கு ஈராண்டு முன்னர், உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் மீட்கப்பட்டனர். ரொறன்ரோத் தமிழரிற் பெரும்பகுதியினர் 1983 ஜூலை வன்செயல்களின் பின் சென்ற எம்மவர். திரும்புவதா என்ற கேள்வியேனும் வெண்பாவுக்கு இருந்தது. முடிவில் அவள் திரும்பியும் போகிறாள். எம்மவர் பலருக்கு அக்கேள்வியே வாய்க்கவில்லை; புத்தகத்தை எடுத்துக்கொள்ள அவகாசமும் இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் கதையையே சொல்வது என இக்குழு வரித்துக்கொண்டதிற் குற்றமில்லை. ஆனால் அக்குடும்பத்துக்கு வேலை கிடையாமற் செய்யும் ஏற்பாடு எது என்பதையாவது விசாரித்திருக்கலாம். புத்தகக் கிழிசலில் காட்டிய கூர்மை அங்கு காணப்படவில்லை. தொழிலின்மை வீட்டுத் துயராக மட்டுமே நின்றுவிடுகிறது.

என் தாயாருக்கு வேறொரு கேள்வி. குழற்புட்டு அவிந்து முடிந்ததும், "நீத்துப்பெட்டி எங்க?" என்றார். மருமகன் என்னைப் பார்த்தான். குசினிக்குட் சென்று எடுத்துவந்து அவன் கையிற் கொடுத்தேன். பனையோலையாற் பின்னிய அக்கூம்பின் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.