கேட் தேர்வின் வாசிப்புப் பகுதி: எதை அளக்கிறார்கள்?

அக்கா பெண் இரண்டு வருஷமாக கேட் தேர்வுக்குப் படிக்கிறாள். (இன்ஜினியரிங்காரர்கள் எழுதும் கேட் வேறு. இது ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கானது.) பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பிறகு பி.காம். கணக்கு நன்றாகவே வரும். ஒவ்வொரு மாக் டெஸ்டிலும் காலை வாருவது ஆங்கில வாசிப்புப் பகுதிதான். ஒருநாள் கேட்டாள்: "மாமா, எனக்கு இங்கிலீஷ் வரலையா, இல்ல மூளையே கம்மியா?"

சும்மா ஆறுதல் சொல்ல மனசில்லை. பழைய வினாத்தாள்கள் சிலவற்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது எழுதிய குறிப்புகள்தான் இவை.

2024 தேர்வை எடுத்துக்கொள்வோம். 68 கேள்விகள், 120 நிமிடம், மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். முதலில் வரும் ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகள். அதில் 16 கேள்விகள் நான்கு பாசேஜ்களிலிருந்து வருபவை. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறான ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் 1 கழியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கேள்விகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. வரலாறு, பொருளாதாரம், சூழலியல், இலக்கிய விமர்சனம் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் பாசேஜ் வரும்; ஆனால் அந்தத் துறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறான ஆப்ஷன்களைச் செய்திருக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று உலகத்தில் உண்மையாக இருக்கும், பாசேஜில் இருக்காது. இன்னொன்று பாசேஜில் இருக்கும், கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்காது. மூன்றாவது எல்லாம் சரியாக இருந்து, 'மட்டுமே', 'எப்போதும்' மாதிரி ஒரு சொல்லால் கெட்டுப்போயிருக்கும். ஆசிரியர் சொன்னது எது, நாமாக ஏற்றிச் சொல்வது எது என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் இது பிடிபடும். இதை வாசிப்புத் திறன் என்று சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை.

சரி, இந்தத் திறன் அவளிடம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஏறக்குறைய ஒரே கடினம் உள்ள மூன்று பாசேஜ்களை எடுத்தேன். முதலாவதைக் கேள்விகளோடு தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன்: நாலுக்கு நாலு. இரண்டாவது ஆங்கிலத்தில், கடிகாரம் இல்லாமல்: மூன்று. மூன்றாவது ஆங்கிலத்தில், எட்டு நிமிடக் கெடுவோடு: ஒன்று. ஒரே ஆளை வைத்துப் பார்த்ததை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இது போதும். மூளை இருக்கிறது. இங்கிலீஷும் முக்கால்வாசி வருகிறது. நேரம்தான் வரவில்லை.

இதைக் கொஞ்சம் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பாசேஜுக்குச் சுமார் 500 சொல் என்று வைத்தால், நான்குக்கும் 2000 சொல். நிமிடத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு 10 நிமிடம் ஆகும், 100 சொல் படிப்பவருக்கு 20 நிமிடம். முதலாமவருக்கு மிச்சம் 30 நிமிடம். 24 கேள்விக்கும் தலா 75 விநாடி கிடைக்கும். இரண்டாமவர் அதே 75 விநாடி யோசித்தால் மிச்சமுள்ள 20 நிமிடத்தில் 16 கேள்விதான் முடியும். எட்டு கேள்வி போச்சு, அதாவது 24 மதிப்பெண். பகுதியின் மொத்த மதிப்பெண்ணே 72. இருவருக்கும் ஒரே அளவு புத்தி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மூன்றில் ஒரு பங்கு வேகத்திலேயே போய்விடுகிறது.

கணக்குப் பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தால் இங்கே கொண்டுவரலாமா என்றால் அதுவும் முடியாது. 2015 முதல் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரம், தாவ வழியில்லை. போதாக்குறைக்கு ஐ.ஐ.எம்.கள் பகுதிவாரியாகவும் குறைந்தபட்ச பர்சென்டைல் கேட்கின்றன.

"எம்.பி.ஏ. வகுப்பே இங்கிலீஷில்தானே, தினமும் கேஸ் ஸ்டடி படிக்கணுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்டைத் தமிழில் நடத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆங்கிலம் தேவை என்றால் அதற்கு ஒரு வாசற்படி வையுங்கள். தாண்டியவர்களை மற்ற திறமைகளை வைத்து வரிசைப்படுத்துங்கள். இதற்கு முன்மாதிரியும் உண்டு. சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வின் 'சிசாட்' தாளை எதிர்த்து 2014ல் இந்திவழி மாணவர்கள் டெல்லியில் போராடினார்கள். அந்த வருஷம் ஆங்கில வாசிப்புக் கேள்விகளின் மதிப்பெண் கணக்கில் சேராது என்று அரசு அறிவித்தது. 2015 முதல் அந்தத் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும், தரவரிசைக்கு அது சேராது. அதற்காக அதிகாரிகளின் தரம் மாணவர்களின் தாய்மொழியால் கெட்டுப்போய்விடும் என்று யாரும் நினைக்கவில்லை.

தேர்வு மாறும்வரை சும்மா இருக்க முடியாது. கோச்சிங் ஆட்கள் தரும் அறிவுரையும் இங்கே உதவவில்லை என்பதுதான் என் அடுத்த புகார். முதல் அறிவுரை, நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949ல் வந்த அருமையான புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் நேரடியாக அர்த்தம் கேட்கும் கேள்வி சமீப வருஷத் தேர்வுகளில் வருவதே இல்லை. இரண்டாவது, "தினமும் எடிட்டோரியல் படி". எடிட்டோரியல் பேசும் செய்தி நமக்கு முன்பே தெரியும். பாதியை ஊகித்தே படித்துவிடுவோம். தேர்வில் வருவதோ கேள்விப்பட்டே இராத விஷயம்.

அவளுக்கு நான் சொன்னது இரண்டையும் பிரித்துப் பழகு என்பது. நுட்பத்தைத் தமிழிலேயே பழகலாம்: ஒரு கட்டுரை படி, ஆசிரியர் சொல்வதை ஒரு வரியில் எழுது, அவர் சொல்லாத ஆனால் சொன்ன மாதிரி தோன்றும் ஒன்றையும் எழுது. வேகத்துக்கு ஆங்கிலத்தில் சுலபமானதை நிறையப் படி. அகராதியைத் தொடாதே, கதை இழுத்துக்கொண்டு போகட்டும். இப்போது துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறாள். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறாள்.

நவம்பரில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. தமிழ்வழியில் படித்து இந்தத் தேர்வை எழுதியவர்கள் இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ஒரு பாசேஜுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.