புயல் நாளை வீட்டிலிருந்தே ரசிப்பது எப்படி?

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சேதி வந்தால் பணி ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கலெக்டர் லீவு விட்டாரா, பஸ் ஓடுமா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சின்ன வயசுக்குப் பிறகு இப்போதுதான் புயலுக்கென்றே ஒரு பகல் முழுசாகக் கையில் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய் டிவிக்குக் கொடுத்துவிடாதீர்கள். மெரினாவில் ரெயின்கோட்டோடு கத்துகிற நிருபரைவிட, நம் திருப்புட்குழியில் உங்கள் வாசல் வேப்பமரம் அதிகம் சொல்லும்.

முதலில் காற்றைப் பாருங்கள். நம் பக்கத்துப் புயல்கள் எல்லாமே இடஞ்சுழியாகச் சுற்றுபவை. அதனால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் உங்கள் இடது கைப்பக்கம், கொஞ்சம் முன்தள்ளி இருக்கும். பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857இல் எழுதிவைத்த விதி இது. திண்ணையில் நின்றே சோதித்துப் பார்க்கலாம். நம் ஊர் கடலிலிருந்து சுமார் 70 கி.மீ. உள்ளே இருக்கிறது. புயல் நமக்குத் தெற்கே, மரக்காணம், புதுச்சேரிப் பக்கம் கரையேறி மேற்கே போனால், வடகிழக்கிலிருந்து வீசிய காற்று கிழக்குக்கும் பிறகு தென்கிழக்குக்கும் மாறும். வடக்கே, பழவேற்காட்டுப் பக்கம் ஏறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று திரும்பும். கொடியில் ஒரு பழைய துண்டைக் கட்டிவிட்டு மணிக்கொரு தடவை எட்டிப் பாருங்கள். துண்டு திசை மாறுகிற நேரம்தான் அன்றைய நாளின் உச்சம். காற்று சட்டென்று அடங்கிவிட்டால் மட்டும் வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், எதிர்ப்பக்கக் காற்று இனிமேல்தான் வரும்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ரேடியோதான் எல்லாம். நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பார்கள். கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு அந்தக் கூண்டுக்குள் என்ன இருக்கும் என்பதுதான் கேள்வி. கிளி என்று ஒருத்தன் சொன்னான், நாங்கள் நம்பினோம்.

அடுத்தது காது. மழை எதன்மேல் விழுகிறது என்று பிரித்துக் கேட்கப் பழகுங்கள். நாட்டு ஓட்டில் விழும் மழைக்கு அடர்த்தி உண்டு, தகரத்தில் விழுவது அதட்டும், தென்னங்கீற்றுக் கூரையில் பெய்வது கேட்கவே கேட்காது, ஒழுகினால்தான் தெரியும். இதைவிட முக்கியம், எந்தச் சத்தம் இல்லை என்று கவனிப்பது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெருமழை நாளில் நின்றுபோவது தறிச் சத்தம். குழித்தறியில் நெசவாளர் கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். ஈரம் ஏறிய பட்டுப் பாவு தளர்ந்துபோகும். தெருவில் பாவு விரிக்கவும் வழியில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தார் சுற்ற வேண்டியதில்லை. அப்பா சொம்பால் குழித் தண்ணீரை இறைத்து ஊற்றுவார். நாங்கள் அதில் கப்பல் விடுவோம். சேலை முடித்துக் கொடுத்தால்தான் கூலி என்பதும், அந்த வாரம் அம்மா யாரிடம் அரிசி கைமாத்து வாங்கினாள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. சின்ன வயசுப் புயலை நாம் பாதிதான் பார்த்திருக்கிறோம். மீதிப் பாதியைப் பார்க்கிற வயசு இப்போதுதான் வந்திருக்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெரியவர்கள் அன்றிரவு என்னவெல்லாம் செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பாருங்கள்.

மழையை அளப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மொட்டை மாடியில், எதுவும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வாய் விரிந்த டம்ளர் உதவாது. மறுநாள் காலை எட்டரைக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். வானிலை மையத்தின் கணக்கும் எட்டரைக்கு எட்டரைதான். ஒரு செ.மீ. என்றால் 1000 சதுர அடி மாடியில் ஏறக்குறைய 930 லிட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு, 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. கொட்டியதை நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலம் எப்படியும் கரண்ட் போகும். வறுத்த பயறு கொஞ்சம் எடுத்து வையுங்கள். மரகதவல்லித் தாயாரை வேண்டிக்கொண்டு மடியில் கட்டினால் வறுத்த பயறும் முளைக்கும் என்று நம்புகிற ஊர் இது. மழை நாளில் அதை முளைக்க விடுவதில்லை, வாயில் போட்டுக்கொள்வோம்.

இருட்டில் செய்ய ஏற்ற வேலை, உங்கள் பழைய புயல்களுக்குத் தேதி கண்டுபிடிப்பது. இங்கே புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004இல்தான் வந்தது. அதற்கு முந்தியவை எல்லாம் அக்கா கல்யாணத்துப் புயல், கொட்டகை பறந்த புயல் என்றுதான் வீட்டில் வழங்கும். மெரினாவில் ஸ்டமாடிஸ் கப்பல் தரைதட்டிய பேச்சு நினைவிருந்தால் அது 1966 நவம்பர். தனுஷ்கோடியும் ரயிலும் போன சேதி கேட்டு வீடே வாயடைத்திருந்தால் 1964 டிசம்பர். 1977 நவம்பரில் 12ஆம் தேதி நாகை, ஒரு வாரம் கழித்து ஆந்திரத்தில் திவிசீமை; இந்த இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு துப்பு: இடி இடிக்கும்போது பாட்டி 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொன்னது நினைவிருக்கிறதா? அப்படியானால் அது அநேகமாகப் புயலே அல்ல. பெரும்புயலில் இடி குறைவு. ஆடி, ஆவணி மாதங்களில் சாயங்காலம் கட்டிக்கொண்டு வருகிற இடிமழையாக இருக்கும். அண்ணன் தம்பிக்கு போன் போட்டுக் கேளுங்கள். கட்டாயம் வேறு வருஷம் சொல்வார்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மழை விட்ட காலையில் ஜடாயு தீர்த்தப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். புயலுக்குப் பின் கடற்பறவைகள் வழிதப்பி உள்நாட்டு நீர்நிலைகளில் ஒதுங்குவதுண்டு. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லும் தலத்தில், களைத்துப்போன பறவையைக் கல்லெடுத்து விரட்டுகிற பையன்கள் இருந்தால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அப்படியே தாமல் ஏரி கோடி போகிறதா என்று விசாரியுங்கள். போனால் ஆட்டோ பிடித்தாவது போய்ப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நில்லுங்கள், கோடி வாயில் இழுப்பு அதிகம்.