கயிறும் ஒளியும்

ஜப்பானியக் கோவில்களில் சில மரங்களைச் சுற்றி வைக்கோற்புரி ஒன்றைக் கட்டியிருப்பார்கள். ஷிமெனாவா என்று பெயர். மடித்து வெட்டிய வெள்ளைக் காகிதங்கள் அதில் தொங்கும். அந்தப் புரி எதையும் விளக்குவதில்லை. உள்ளே இருப்பதற்கு முகம் வரைவதில்லை. இங்கே ஒரு எல்லை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மரத்தில் தெய்வம் உண்டு என்ற நம்பிக்கைக்கு மனிதன் செய்துகொண்ட சாதனங்களில் இவ்வளவு சிக்கனமானது வேறொன்று இருக்குமா, சந்தேகம்தான்.

க்யூஷூ தீவில், ஸாகா மாகாணத்தில், டாகேயோ என்று ஓர் ஊர். அங்குள்ள கோவிலின் கற்பூர மரத்துக்கு வயது 3000க்கு மேல் என்கிறார்கள். அடிமரம் பொந்தாகி, பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு இடம். அதற்குள் ஒரு சந்நிதி. அதை ஒட்டி, 1845இல் அவ்வூர்ப் பிரபு அமைத்த மிஃபுனெயாமா ராகுவென் என்ற மலையடிவாரத் தோட்டம். 2015 தொடங்கி இந்தத் தோட்டத்தின் இரவுகளைத்தான் டீம்லேப் என்ற டோக்கியோ குழு தன் படைப்புகளுக்குக் களமாக்கிக்கொண்டது. தொஷியுகி இனோகோவும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய குழு அது. ஓவியர்களோடு கம்ப்யூட்டர் நிரல் எழுதுபவர்கள், எஞ்சினியர்கள், கணித வல்லுநர்கள் எல்லோரும் அதில் உண்டு. காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'தெய்வங்கள் வாழும் காடு'.

குளத்தில் ஒளியாலான கெண்டைகள் நீந்துகின்றன. படகு போகும் போக்கை ஒட்டி அவற்றின் வழி மாறுகிறது. பாறை ஒன்றின்மேல், கணக்கிட்டு உண்டாக்கிய நீர்வீழ்ச்சி விழுகிறது. மரத்தின் அருகே ஒருவர் போனால் அதன் ஒளி நிறம் மாறி, ஒரு நாதம் எழுந்து, அடுத்த மரத்துக்கும் அதற்கடுத்ததற்கும் பரவுகிறது. இவை முன்பே பதிவுசெய்து ஓட்டும் படங்கள் அல்ல. அந்தந்தக் கணத்தில் யந்திரம் வரைபவை. நான் இவற்றைப் பதிவுகளில் பார்த்தவன்தான். நேரில் நிற்பவனுக்குப் பிரமிப்பு உண்டாகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி பிரமிப்பைப் பற்றியதல்ல.

யந்திரம் தொட்டதால் தெய்வம் தீட்டுப்பட்டுவிட்டது என்ற புலம்பலிலும் எனக்குச் சிரத்தை இல்லை. தொரியாமா ஸெகியென் 1776இல் பேய் பிசாசுகளை வரைந்து மரக்கட்டை அச்சில் புத்தகமாக்கினார். வாய்வழி உலவிய சூக்ஷ்ம உருவங்கள் அச்சு என்ற தொழில்நுட்பத்தால் பக்கத்துக்கு ஒன்றாக ஸ்தூல உருவம் பெற்றன. மரத்தின் ஆவியான கொடாமாவும் அதில் இருக்கிறது. முதிர்ந்த தம்பதியாக, ஒரு பைன் மரத்தின் அருகே. நாட்டார் நம்பிக்கை எப்போதுமே ஏதாவதொரு கருவியின் கைபிடித்துத்தான் வந்திருக்கிறது. ஆகவே யந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பது வீண். அதைக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதே விஷயம்.

ஹயாவோ மியாஸாகியின் 'இளவரசி மோனோனோகே' (1997) இங்கே உதவும். 133 நிமிடப் படத்தில் கம்ப்யூட்டர் வரைந்தது ஏறக்குறைய 5 நிமிடம். மற்றது கையால் வரைந்தது. காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்றின் உடலில் துப்பாக்கியின் இரும்புக் குண்டு தங்கி, வலியும் வெறுப்பும் புழுக்களாகப் புறப்பட்டு அதைப் போர்த்துகின்றன. மியாஸாகி யந்திரத்தை வேலைக்கு வைத்த இடங்களில் ஒன்று அந்த நெளிவு. அஷிதாகா அந்தப் பன்றியைக் கொன்று ஊரைக் காப்பாற்றுகிறான். அவன் கையில் சாபத்தின் வடு ஏறிவிடுகிறது. இரும்பு உருக்கும் ஊரையும் படம் எளிதாகச் சபித்துவிடவில்லை. குஷ்டரோகிகளுக்கு இடமும் வேலையும் கொடுத்த ஊர் அது. இந்தக் கணக்கு எந்தப் பக்கமும் நேராகவில்லை. முடிவில் காடு தழைக்கிறது. காட்டுத் தெய்வம் திரும்புவதில்லை. ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்ற பழைய நம்பிக்கை இந்தப் படத்தில் உயிரோடு இருக்கிறது.

டீம்லேப்பில் இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை. 2014இல் அவர்கள் செய்த ஒரு படைப்பின் பெயர் 'பூக்களும் மனிதரும்: கட்டுப்படுத்த இயலாது, எனினும் கூடி வாழலாம்'. வசந்தத்தில் குனிஸாகி தீபகற்பத்தில் பூக்களைப் பார்த்து, இவற்றில் மனிதன் நட்டது எவ்வளவு, தானாக வந்தது எவ்வளவு என்று யோசித்ததில் பிறந்தது. நல்ல கேள்வி. ஆனால் படைப்பு தரும் பதில் என்ன? அசையாமல் நின்றால் சுற்றிலும் பூக்கள் பெருகுகின்றன. தொட்டால் உதிர்கின்றன. இதுவும் ஒரு விலக்குதானே என்று கேட்கலாம். அல்ல. சற்று நேரத்தில் வேறு பூ வந்துவிடுகிறது. உதிர்த்தவன் கையில் வடு இல்லை. கட்டுப்படுத்த இயலாது என்பது பெயரில் இருக்கிறது. அனுபவத்தில், ஒவ்வொரு பூவும் என் அசைவுக்காகக் காத்திருக்கிறது.

கொடாமா என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் இன்னொரு பொருளும் உண்டு: எதிரொலி. மலையில் கூப்பிட்டவனுக்குத் தன் குரலே திரும்பி வந்தது. அதில் அவன் வேறொருவரின் இருப்பை உணர்ந்தான். தன் குரலுக்குள் தான் அல்லாத ஒன்றைக் கேட்டதுதான் நாட்டார் கற்பனையின் சாதனை. இந்த ஒளிக்காட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. நிஜமான மரம், நிஜமான பாறை, எனக்கு முன்பும் இருந்தவை, பின்பும் இருக்கப்போகிறவை. அவை எல்லாம் என் நடமாட்டத்தைத் திருப்பிச் சொல்லும் கண்ணாடிகளாகிவிடுகின்றன. மறுக்கத் தெரியாத தெய்வம் உபசாரம் செய்யும் பணியாள்தான். டோக்கியோவில் 2018இல் 520 கம்ப்யூட்டர்களும் 470 ப்ரொஜெக்டர்களும் வைத்து அவர்கள் திறந்த கூடத்துக்கு முதல் ஆண்டில் 23 லட்சம் பேர் போனார்கள். உபசாரம் யாருக்குத்தான் கசக்கும்?

இதை வெளியூர் வேடிக்கையாகச் சொல்லி நகர எனக்கு விருப்பமில்லை. கவிதை எழுதுகிற நாமும் முனியையும் மோகினியையும் சுடலையையும் படிமமாக அழைத்துக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் ப்ரொஜெக்டர் இல்லை என்பது யோக்கியதை ஆகிவிடாது. சொல்லும் ஒரு தொழில்நுட்பம்தான். கூப்பிட்டவுடன் வந்து, கவிஞனின் மனநிலைக்கேற்ப நிறம் மாறி, கடைசி வரியில் ஒளிர்ந்து அணைகிற முனி, டாகேயோவின் விளக்கு மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

யந்திரத்தாலும் அந்த வைக்கோற்புரி செய்வதைச் செய்ய முடியும் என்றே நினைக்கிறேன். மியாஸாகியின் 5 நிமிடம் அதற்கு அத்தாட்சி. அதற்கு முதலில், யாரோ ஒருவர் பார்வையாளனை ஓரிடத்தில் நிறுத்தி, இதற்கு மேல் உனக்கில்லை என்று சொல்லத் துணிய வேண்டும். டிக்கெட் வாங்கி வந்தவனிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். நம்மிடம் டிக்கெட் வாங்குபவர் யாருமில்லை. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.