தாயின் குருதியில் கருவின் சுவடு

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை எண்ணுவது எளிது. வரிசை பிறழாமல் படிப்பதே கடினம். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக அறிஞர் டென்னிஸ் லோவின் ஆய்வுரைகள் அவ்வாறு படிக்கத்தக்கவை. கருவின் மரபணுவைத் தாயின் குருதியணுக்களில் தேடி, ஆக்ஸ்போர்டில் அவர் கழித்த ஆண்டுகள் பல. 1997இல் ‘லான்செட்’ இதழில் வெளியான சிறு கட்டுரை தேடும் இடத்தையே மாற்றியது. அணுக்களைப் பிரித்தபின், வேண்டாமென்று கொட்டிவிடும் பிளாஸ்மாவில் அவர் தேடினார். ஆண்கருவைச் சுமந்த 30 தாய்மாரில் 24 பேரிடம் ஒய் குரோமோசோமின் சுவடு கிட்டியது. பெண்கருவைச் சுமந்த 13 பேரில் ஒருவரிடமும் இல்லை. 1998இல் கருவின் ஆர்எச் குருதிவகையையும், 2008இல் டவுன் நோய்க்குறியையும் அவ்வழியே அறியலாயிற்று. கருப்பையில் ஊசி செலுத்தும் தேவை குறைந்தது. இப்பேறு சிறிதன்று.

ஆயினும், இவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்பது ஆண் என்னும் அடையாளமே. தாயிடம் இல்லாதது அது என்பதால் ஆய்வுமுறை அதனை வேண்டிற்று; அதில் குற்றமில்லை. ஆனால் பெண்கருவை அழிக்க எண்ணுவோருக்கும் அதுவே போதுமானது. ஜாஹிலிய்யாக் காலத்தில் பெண்மகவைப் புதைத்தோர் பிறப்பு வரையிலாவது காத்திருந்தனர்!

2022இல் லாஸ்கர் விருது பெற்ற இவ்வறிஞரின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோளாயின என்னும் கணக்கு இதனைக் காட்டாது. கருவின் பாலை வெளிப்படுத்தத் தடையுள்ள சீனப் பெருநிலத்திலிருந்து, தாய்மாரின் குருதிக் குப்பிகள் ஹாங்காங்கிற்குக் கடத்தப்பட்டன.