வில்லனின் வாயில் நமது முறைப்பாடு

மூதூரிலும் கிண்ணியாவிலும் நமது பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து ரசிக்கும் 'றெஸ்லிங்' பற்றி இலக்கியச் சஞ்சிகையொன்றில் எழுத வேண்டுமா எனச் சிலர் கேட்கக்கூடும். முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டு, பாத்திரமும் கதையும் எழுத்தாளர் குழுவினால் புனையப்படும் நாடகம் அது. எனவே அதுவும் ஒரு பிரதிதான். அந்தப் பிரதியில் முஸ்லிம் எவ்வாறு எழுதப்பட்டான் என்பது நம்முடைய கேள்வி.

தொடக்கச் சூத்திரம் எளியது. செய்தியில் எவன் எதிரியோ, அவனே மேடையிலும் எதிரி. 1984 ஜனவரி 23இல் நியூயோர்க்கில் ஹல்க் ஹோகன் வீழ்த்திய 'அயர்ன் ஷீக்', தெஹ்ரான் பணயக்கைதிகள் விவகாரத்தின் கோபத்தைச் சுமக்கவென நிறுத்தப்பட்ட பாத்திரம். 1990-91 வளைகுடா யுத்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய் வேடத்திலிருந்த சார்ஜன்ட் ஸ்லோட்டரே ஈராக்கின் அனுதாபியாக மாற்றப்பட்டார்.

2004 இறுதியில் வந்த 'முஹம்மத் ஹஸன்' இச்சூத்திரத்தை விடச் சிக்கலானவன். தான் அமெரிக்காவிலேயே பிறந்தவன், 2001 செப்டெம்பர் 11இன் பின்னர் தன்னை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள் என்பது அவனது முறைப்பாடு. அதில் பொய்யேதும் இல்லை. ஆனால் அதைச் சொல்பவன் வில்லன் என்பதால், அரங்கு முழுவதும் அந்த உண்மையை நோக்கிக் கூச்சலிட்டது. ஹஸனாக நடித்த மார்க் கொபானி இத்தாலிய வம்சாவளியினர். அவனது துணைவனாக வந்த டைவாரி பேசியது பாரசீகம். பார்வையாளருக்கு அது அரபியாகவே கேட்டது.

2005 ஜூலை 4இல் பதிவான காட்சியில், ஹஸன் மண்டியிட்டுப் பிரார்த்திக்க, முகமூடியணிந்த ஐவர் வந்து அண்டர்டேக்கரைத் தாக்கினர். அது ஒளிபரப்பானது ஜூலை 7இல், லண்டனில் குண்டுகள் வெடித்த அதே நாளில். கண்டனம் எழுந்தது, ஒளிபரப்பு நிறுவனம் அவனை விலக்கியது. அம்மாதமே அண்டர்டேக்கரிடம் தோற்று ஹஸன் மேடையிலிருந்து மறைந்தான். பிரார்த்தனையைப் பயங்கரவாதத்தின் சைகையாக்கியவர்கள் எழுத்தாளர்கள்; அகற்றப்பட்டது பாத்திரம்.

முஸ்லிம் வில்லனாக வருவதில் பிழையில்லை. நல்ல வில்லன் எந்த நாடகத்துக்கும் உயிர். நியாயமான வேதனையையே வில்லத்தனத்தின் அடையாளமாக்கியது இங்கு நடந்த அநீதி. அதன் பின்னர் அந்த வேதனையை யார் எங்கு பேசினாலும், அது ஹஸனின் குரலாகவே கேட்கும். 2019 ஏப்ரல் 21இன் பின் இந்நாட்டில் வாய்திறந்த முஸ்லிம்களுக்கு இது விளங்காததல்ல.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சிரியப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த சமி ஸெய்ன் முன்பு மெக்சிக்க முகமூடிக்குள் நடித்தவர். 2023 மே மாதம் ஜித்தாவில் சொந்த முகத்தோடு நின்று அரபியில் பேசினார். மலேசியாவின் நோர் டயானா 2019இல் ஹிஜாபுடனேயே ஆண்களை வென்று பட்டம் பெற்றார். இவர்களின் மார்க்கம் மறைக்கப்படவுமில்லை, கதையின் முடிச்சாக்கப்படவுமில்லை.

இந்த அளவுகோலை நமது எழுத்தின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் இடம்பெயர்ந்ததை எழுதும் கதையில், எதிர்த்தரப்புப் பாத்திரத்துக்கும் ஒரு நியாயம் பேசக் கிடைக்கிறதா? கிடைத்தால், வாசகன் அதைக் கேட்கும்படி எழுதப்பட்டிருக்கிறதா, கூச்சலிடும்படியா?