வெக்கையை வாசலோடு நிறுத்திய ஷெட்

சித்திரை மாதம், பகல் மூன்று மணி. சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் எங்கள் தெருவில் ஆட்டுக்குட்டிகூட நிழலைவிட்டு நகராத நேரம். நான் என் ஷெட்டில் உட்கார்ந்து, அடுத்த வருடக் காலண்டருக்கான லட்சுமி படத்தில் புடவைக் கரையின் சிவப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே 40 டிகிரி. என் மேசைக்கு மேலே தொங்கும் வெப்பமானியில் 30. சரிபார்த்த படத்தை அனுப்புகிறேன். ஒன்பதே நொடியில் போய்ச் சேருகிறது. இந்தச் சந்தோஷத்தை நான்கு பேரிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இது அப்பாவின் வேன் நின்ற இடம். காலண்டர் கட்டுகளைப் பார்சல் ஆபீசுக்கு ஏற்றிப் போன வேன். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம், மூன்று பக்கம் சிமெண்ட் கல் சுவர், மேலே தகரம், முன்னால் ஷட்டர். வேனை விற்ற பிறகு பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும் அங்கே குடியேறின. நானோ வீட்டு ஹாலில், டிவி சத்தத்துக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே பட்டாசு லேபிளும் தினசரிக் காலண்டர் அட்டையும் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஷெட்டுக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பகல் மூன்று மணிக்கு 46. அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், அதை இறக்கியே தீருவது என்று இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல முடிவுகளில் அது ஒன்று.

அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மாறியது. அம்மா 22 வருடம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். எங்கள் பக்கத்தில் ஷெட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கார் நிற்கும் இடம் இல்லை. வெடிமருந்து நிரப்புகிற அறை.

"ஷெட்டுன்னா கம்பியே வரக் கூடாதுன்னு பழகினவ நான். நீ என்னடின்னா ஷெட்டுக்குக் கம்பி இழுக்கணுங்கிற."

அவள் சொன்னதன் பின்னால் இருப்பது பெரிய அறிவு. மருந்து புழங்கும் அறையில் மின்விளக்கு கிடையாது, மின்விசிறி கிடையாது. பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் வேலை. செல்போன் வாசலிலேயே நின்றுவிடும். நைலான் சேலை ஆகாது, பருத்திதான். இரும்புக் கருவிக்குப் பதில் மரமும் பித்தளையும். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கதவு எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், வழியில் எதுவும் கிடக்கக் கூடாது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடைவெளி. வெயில் ஏறுவதற்கு முன்பே, காலையிலேயே மருந்துக் கலவையை முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ பட்ட தீக்காயம் இருக்கிறது.

அம்மா சம்மதித்தாள், நிபந்தனைகளோடு. "கதவு வெளிய திறக்கணும். ரெண்டு வழி இருக்கணும். மண்ணு வாளி இருக்கணும். தெர்மாகோல் ஆகாது. வெடி, திரி எதுவும் இந்த வாசப்படி தாண்டக் கூடாது." கடைசி நிபந்தனைக்குப் பின்னால் சட்டமும் உண்டு; உரிமம் இல்லாத இடத்தில் பட்டாசு செய்யவே கூடாது. மாதிரிக்கு வரும் காலிப் பெட்டிகள் மட்டும்தான் என் ஷெட்டுக்குள் வரும். கட்டடக் கலைஞர் யாரையும் நான் கூப்பிடவில்லை. என் ஷெட்டை வடிவமைத்தவள் என் அம்மா.

இனி வெக்கை. சிவகாசிப் பக்கத்தை வளர்த்ததே இந்த வெக்கைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற மண்; தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். 1922ல் அய்யா நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, இந்த வறண்ட காற்று அவர்களுக்குக் கை கொடுத்தது. குச்சி காய்ந்தது, மருந்து காய்ந்தது. பின்னால் வந்த பட்டாசுக்கும் அச்சுக்கும் அதே வெயில்தான் முதலீடு. எங்களுக்குச் சோறு போட்ட வெயிலை நான் குறை சொல்ல மாட்டேன். அதை வாசலோடு நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

தகரம் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்று தெரிந்துகொண்ட நாள் எனக்குத் திருவிழா. பளபளப்பான தகரம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விட அதற்குச் சுலபத்தில் மனம் வராது. வெள்ளைப் பூச்சு இரண்டு வேலையும் செய்யும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பிவிடும். மிச்சச் சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும். மொட்டை மாடியில் பாட்டி காலத்தில் சுண்ணாம்பு அடித்தார்களே, அதே ஞானம். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே இரண்டு கை வெள்ளை. அன்று மதியம் தகரத்தில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை!

ஓலை போடலாமே என்றார் ஒருவர். ஓலை அருமையான குளிர்ச்சிதான். ஆனால் தீபாவளி ராத்திரி எங்கள் தெருவில் எத்தனை ராக்கெட் எந்தக் கூரையில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, தீப்பிடிக்காத பாறைக் கம்பளிப் பலகையை அடுக்கி, அதற்கும் கீழே ஜிப்சம் பலகை. பாறையை உருக்கிப் பஞ்சு மிட்டாய்போல நூலாக இழுத்துச் செய்கிற பொருள் இது. பனி கொட்டும் நாடுகளில் கார் ஷெட்டுக்குள் ஹீட்டர் வைத்து, அந்தச் சூடு வெளியே போகாமல் இருக்க இதையே சுவருக்குள் அடைக்கிறார்கள். நான் சூடு உள்ளே வராமல் இருக்க அடைத்தேன். ஒரே பொருள், இரண்டு தேசத்துக்கும் காவல்! தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே சூடான காற்று வெளியேற இரு முனையிலும் துவாரம் விட்டோம். அணில் நுழையாமல் வலை. இவ்வளவும் முடிந்த அன்று மூன்று மணிக்கு 38. மின்சாரம் ஒரு யூனிட்கூடச் செலவழிக்காமல் எட்டு டிகிரி இறங்கியிருந்தது.

அடுத்து வந்தது என் செல்லம்: ஏர் கூலர். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கூலர் வாங்கியவர்கள் கசகசவென்று இருக்கிறது என்று ஓரம் கட்டுவார்கள். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். தண்ணீர் எங்கே ஆவியாகும்? எங்கள் கோடைக் காற்றோ தாகத்தோடு வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஐந்து லிட்டர் குடிக்கிற என் கூலர், கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி செய்கிற வேலையைச் செய்கிறது. மின்சாரமோ ஏசிக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். தீப்பெட்டியைக் காய வைத்த அதே வறட்சி இன்று என்னைக் குளிர வைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இரண்டே ரகசியம். கூலரின் முதுகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூடிய அறையில் கூலர் வேலை செய்யாது. இரண்டாவது, தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கூலர் தட்டியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். வாரம் ஒரு முறை தொட்டியை வடித்து, அந்தத் தண்ணீரை மேற்குச் சுவரை ஒட்டி வைத்த புங்கங்கன்றுக்கு ஊற்றுகிறேன். கன்று இப்போது என் நெஞ்சு உயரம். அது மரமாகும்போது மாலை வெயிலையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அம்மா சந்தையில் வெட்டிவேர் வாங்கிவந்து தட்டிக்கு நடுவே செருகினாள். முதல் காற்று அடித்தபோது ஷெட் முழுக்கப் பானைத் தண்ணீர் வாசம்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். அச்சுத் தாளுக்கு ஈரம் ஆகாது. தாள் ஈரம் குடித்தால் விரியும், நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. அதனால் அச்சு மாதிரிகளை இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல் போட்டுப் பூட்டிவிடுகிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் கூலருக்கு விடுமுறை, மின்விசிறி போதும். அதுவும் 30 வாட் சொச்சம் இழுக்கிற புது ரக மின்விசிறி. பழையது இழுத்ததில் பாதிக்கும் குறைவு.

இன்டர்நெட் கதையைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். 15 அங்குலத்துக்கு 20 அங்குலம் ஒரு காலண்டர் படம், அங்குலத்துக்கு 300 புள்ளி, நான்கு நிறம்: சுருக்காமல் வைத்தால் 108 எம்பி. பழைய இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் 2 எம்பிபிஎஸ். ஒரு படத்துக்கு ஏழு நிமிடத்துக்கு மேல். அடுக்கடுக்காக இருக்கும் மூலக் கோப்பு என்றால் இதைப்போலப் பத்து மடங்கு. ராத்திரி போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டு பைக்கில் அச்சகத்துக்கு ஓடிய காலம் அது. இப்போது ஃபைபர், போகவும் வரவும் 100. அந்த ஒன்பது நொடி இங்கிருந்துதான் வந்தது.

ஃபைபர் கம்பியின் உள்ளே ஒளி ஓடும் கண்ணாடிப் பாதையின் விட்டம் ஒன்பது மைக்ரான்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் வழியேதான் என் லட்சுமியும் முருகனும் போகிறார்கள்! இணைப்புக் கொடுக்க வந்த தம்பி மீட்டரை வைத்து ஒளியின் பலத்தைக் காட்டினார்: கழித்தல் 19 டிபிஎம். கழித்தல் 27ஐத் தாண்டினால்தான் கவலை என்றார். "அக்கா, கம்பிய மடக்காதீங்க. வளைவு பெருசா இருக்கணும், இல்லாட்டி வெளிச்சம் கசிஞ்சிரும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன்.

வீட்டு ஹாலிலிருந்து ஷெட்டுக்கு நாற்பதடி. ஹாலில் இருக்கும் வைஃபை இரண்டு சுவர் தாண்டி வரும்போது களைத்துவிடும். செம்புக் கம்பி இழுத்தால் கோடை இடியில் ஒரு கட்டடத்தின் அடி இன்னொன்றுக்குப் பாயலாம். அதனால் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவிலும் கண்ணாடியே. இரு முனையிலும் தீப்பெட்டி நான்கை அடுக்கிய அளவில் மீடியா கன்வெர்ட்டர், ஷெட்டில் தனி ரவுட்டர். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது; மின்னலுக்கு அங்கே வழியே இல்லை. கம்பி போகும் பைப்பில் இரு முனையிலும் ஒரு முழம் கூடுதலாகச் சுருட்டி விட்டோம். எங்கள் மண் கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். இழுத்துக் கட்டிய எதையும் அறுத்துவிடும். இரு முனையிலும் ஒரு சின்ன யுபிஎஸ். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளிலும் லேப்டாப்பில் வேலை ஓடுகிறது.

மின்சார வேலையை எங்கள் தெரு அண்ணாச்சி செய்தார். இணையக் கம்பி ஒரு பைப், கரண்ட் தனி பைப். ஷெட்டுக்கென்று தனி எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ஆர்சிசிபி. "தங்கச்சி, இதுல மட்டும் காசு பாக்காத" என்றார். பார்க்கவில்லை. ஷட்டரை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பின்சுவரில் இன்னொரு கதவு, இரண்டுக்கும் நடுவே காலியான நடைபாதை. வாசலில் மண் வாளி, பக்கத்தில் தீயணைப்பான். எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய்க்குள் முடிந்தது.

அமெரிக்காவில் பாலோ ஆல்டோ ஊரில் ஒரு வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து 1939ல் புறப்பட்டதுதான் எச்பி நிறுவனம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துத் தென்காசியில் மத்தளம்பாறை கிராமத்திலிருந்து ஜோஹோ உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறது. நல்ல கம்பி ஒன்று வந்துவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் பாதி கரைந்துவிடும். என்னோடு படித்த பல பெண்கள் வேலைக்காகப் பெங்களூர் போனார்கள். நான் திருத்தங்கலில், வெட்டிவேர் வாசத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். வீட்டில் ஒரு பழைய ஷெட் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து இதைக் காட்ட ஆசையாக இருக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். இந்த ஷெட்டில் பிறந்த பதினோரு படங்கள் போன முறை அதில் இருந்தன. ஆல்பத்தை அம்மா மடியில் வைத்துப் புரட்டினேன். அவள் படங்களை நிதானமாகப் பார்த்தாள். பிறகு, ஆலையில் தன்னோடு வேலை பார்த்த இரண்டு அத்தைகளைக் கூட்டிவந்து ஷெட்டைச் சுற்றிக் காட்டினாள். அவள் காட்டியது கூலரையோ கம்ப்யூட்டரையோ இல்லை. "பாத்தியா, கதவு வெளிய திறக்கும். ரெண்டு வழி" என்றாள். அவர்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள்.

இப்போது மதியம் ஆனால் மூவரும் கடலைக்காய் உரிக்க இங்கேதான் வருகிறார்கள். சாயங்காலம் நான் கணினியை அணைத்ததும் அம்மா எழுந்துபோய்ப் பின்கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பாள். அது தடையில்லாமல் வெளியே திறக்கும். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைக்கச் சொல்வாள்.